டைவர்ஸுக்கு அப்புறம் பிள்ளை எங்க, எத்தனை நாள்: 2-2-3, 2-2-5-5, வாரம் விட்டு வாரம், எது சரிப்படும்?

டைவர்ஸ் பேப்பர்ல கையெழுத்து போடுறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, ராத்திரி எக்ஸெல் ஷீட்ல நாளுக்கு ஒண்ணா 14 கட்டம் போட்டு, நீலம் எனக்கு, ஆரஞ்சு என் பொண்ணோட அம்மாவுக்குன்னு கலர் அடிச்சிட்டு உட்கார்ந்திருந்தேன். எண்ணிப் பாத்தா ஏழு நீலம். ஏதோ ஜெயிச்ச மாதிரி ஒரு திருப்தி. பொண்ணுக்கு அப்ப நாலு வயசு. அந்த ஷீட் இன்னும் லேப்டாப்ல கிடக்கு, இப்ப திறந்து பாத்தா வெக்கமா இருக்கு. ஏன்னா நீலம் எத்தனை ஆரஞ்சு எத்தனைன்னு அதுல தெளிவா இருக்கு, ஆனா நீலத்துக்கும் ஆரஞ்சுக்கும் நடுவுல அந்தப் புள்ள எத்தனை தடவை பையைத் தூக்கிட்டு நடக்கணும்ங்கிறது எங்கயுமே இல்ல.

ஏழு வருஷம் ஆச்சு. இதுக்குள்ள மூணு ஏற்பாடு மாத்தியாச்சு. இப்ப பிரியப் போற தெரிஞ்சவங்க யாராவது போன் பண்ணி "நீங்க எப்படிங்க வச்சிருக்கீங்க"ன்னு கேட்டா ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு மணி நேரம் பேசுறேன், அதுக்கு ஒரே தடவையா எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு. நான் வக்கீல் இல்ல, சைக்காலஜிஸ்டும் இல்ல. ரெண்டு வீட்டுல வளர்ற ஒரு புள்ளையோட அப்பா, அவ்வளவுதான்.

முதல்ல ஒரு விஷயத்தைப் பிரிச்சுக்கணும். கஸ்டடின்னு ஒரே வார்த்தையில சொல்றோமே, அதுக்குள்ள ரெண்டு சமாச்சாரம் இருக்கு. ஒண்ணு, பிள்ளையோட ஸ்கூல், ஆபரேஷன், பாஸ்போர்ட் மாதிரி பெரிய முடிவுகளை யார் எடுக்கிறது. இன்னொண்ணு, புள்ள எந்த வீட்டுல எத்தனை ராத்திரி தூங்குறது. முதலாவது ரெண்டு பேருக்கும் சமமா இருந்துட்டு ரெண்டாவது சமமா இல்லாம இருக்கலாம், அதுல ஒரு தப்பும் இல்ல. இது புரியாமத்தான் பாதி சண்டை வருது. ஆஸ்திரேலியாவுல 2006ல ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க, பெத்தவங்க ரெண்டு பேருக்கும் சமமான பொறுப்பு இருக்கிறதுதான் புள்ளைக்கு நல்லதுன்னு கோர்ட் எடுத்துக்கிட்டு ஆரம்பிக்கணும்னு. சட்டம் சொன்னது பொறுப்பு, ஜனங்க படிச்சது நாள். எனக்கு சட்டப்படி பாதி நாள் உண்டுன்னு நெறைய பேர் நெனச்சு மல்லுக்கு நிக்க, கடைசில 2023ல அந்தப் பகுதியையே எடுத்துட்டாங்க. இங்கிலாந்துல 1989லயே கஸ்டடிங்கிற வார்த்தையை சட்டத்துல இருந்து தூக்கியாச்சு, ஏன்னா அந்த வார்த்தையைக் கேட்டாலே ஒருத்தர் ஜெயிச்சு ஒருத்தர் தோத்த மாதிரி இருக்கு. இன்னொரு பக்கம் பெல்ஜியத்துல 2006ல இருந்து, ஒருத்தர் கேட்டா சமநாள் ஏற்பாட்டைத்தான் கோர்ட் முதல்ல பரிசீலிக்கணும். ஜப்பான்ல 2024ல திருத்தின சட்டம் அமலுக்கு வர்ற வரைக்கும் டைவர்ஸ் ஆனா ஒரே ஒருத்தர்கிட்டதான் உரிமை இருக்கும். ஆக உங்க நாட்டுல என்னன்னு உங்க வக்கீல்கிட்ட கேளுங்க, நான் சொல்லப் போறது அந்த ரெண்டாவது சமாச்சாரம், நாள் கணக்கு.

அதுக்கு முன்னாடி முக்கியமான ஒண்ணு. வீட்டுல அடி உதை, மிரட்டல், போதை, புள்ளைக்கு ஆபத்துன்னு ஏதாவது இருந்தா கீழ இருக்கிற எதுவும் உங்களுக்கு இல்ல. அங்க பேச வேண்டியது பாதுகாப்பு, மேற்பார்வையில நடக்கிற சந்திப்பு, வக்கீல். "புள்ளைக்கு அப்பா வேணும்ல"ன்னு சொந்தக்காரங்க சொல்றதைக் கேட்டு ஷெட்யூல் போட உட்காராதீங்க.

சரி. நாள் எண்ணாம வேற என்ன எண்ணணும்? மூணு. பதினாலு நாள்ல புள்ள எத்தனை தடவை கை மாறுது. ஒருத்தரைப் பாக்காம தொடர்ச்சியா அதிகபட்சம் எத்தனை நாள் இருக்குது. அப்புறம், இந்த ஏற்பாடு ஓடணும்னா நீங்க ரெண்டு பேரும் எவ்வளவு பேசிக்க வேண்டியிருக்கு. மூணாவதைத்தான் யாரும் எண்ணுறது இல்ல, எல்லாம் உடையிறதும் அங்கதான்.

நாங்க ஆரம்பிச்சது 2-2-3. திங்கள் செவ்வாய் ஒருத்தர்கிட்ட, புதன் வியாழன் இன்னொருத்தர்கிட்ட, வெள்ளி சனி ஞாயிறு திரும்ப முதல் ஆள்கிட்ட, அடுத்த வாரம் அப்படியே தலைகீழ். பதினாலு நாள்ல ஏழு ஏழு. சின்னப் பிள்ளைங்களுக்கு இதைத்தான் சொல்லுவாங்க, காரணம் மூணு நாளுக்கு மேல யாரையும் பாக்காம இருக்காது, நாலு வயசுக்கு ஒரு வாரம்ங்கிறது ஒரு யுகம். அதெல்லாம் உண்மைதான். ஆனா கை மாறுறதை எண்ணுங்க: பதினாலு நாள்ல ஆறு தடவை, வருஷத்துக்கு 156. அதைவிடப் பெரிய பிரச்சினை, எந்தக் கிழமையும் யாருக்கும் சொந்தம் இல்ல. இந்தத் திங்கள் என்கிட்ட, அடுத்த திங்கள் அங்க. செவ்வாய்க்கிழமை டான்ஸ் கிளாஸ்னா ஒரு வாரம் நான் கொண்டு விடணும், மறு வாரம் அவ அம்மா, சலங்கை எந்த வீட்டுல இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. காலைல எழுந்ததும் புள்ள கேக்குற முதல் கேள்வி "இன்னிக்கு எந்த வீடு?" அதுக்கு நான் போனை எடுத்துப் பாத்துத்தான் பதில் சொல்லுவேன், அப்பனுக்கே தெரியலன்னா அதுக்கு எப்படித் தெரியும்.

இங்க முயல் கதையைச் சொல்லியே ஆகணும். ஒரு துணி முயல், இடது காது கிழிஞ்சு ரெண்டு தடவை தச்சது, அது இல்லாம தூங்க மாட்டா. மூணாவது வாரமே அது அம்மா வீட்டுல மாட்டிக்கிச்சு, ராத்திரி பத்தரை மணிக்கு வண்டி எடுத்துட்டு போய் வாசல்ல நின்னு வாங்கிட்டு வந்தேன், ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கல. மறுநாள் புத்திசாலித்தனமா அதே மாதிரி இன்னொரு முயல் ஆர்டர் பண்ணேன், ரெண்டு வீட்டுலயும் ஒண்ணொண்ணு, பிரச்சினை தீந்துச்சுன்னு. அவ அதைக் கையில வாங்கி மோந்து பாத்தா. "இது அது இல்லப்பா"ன்னு திருப்பிக் குடுத்துட்டா. பல் பிரஷ், உள்ளாடை, சார்ஜர், கலர் பென்சில் எல்லாத்தையும் ரெண்டு வாங்கிடலாம், வாங்கியும் வச்சிடணும், ஆனா ரெண்டு வாங்க முடியாத சாமான் ஒண்ணு எல்லாப் புள்ளைக்கும் இருக்கும். அதுக்கு நாங்க கடைசில கண்டுபிடிச்சது, ஸ்கூல் பையோட முன் ஜிப்புல முயல், கிளம்பும்போது ஜிப்பை ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடணும். இன்னிக்கும் அவ அம்மா கூட இருக்கிற என் வாட்ஸ்அப் சாட்டை மேல தள்ளிட்டு போனா ஒரு நூறு ஜிப் போட்டோ வரும்.

2-2-3 ஓடணும்னா ரெண்டு பேரும் தெனம் பேசணும். பேச முடியிறவங்களுக்கு, அதுலயும் புள்ளைக்கு அஞ்சு வயசுக்குள்ளன்னா, இது நல்ல ஏற்பாடு. எங்களால அப்ப பேச முடியல. பாதி நாள்ங்கிற கௌரவத்துக்காக நாங்க எடுத்துக்கிட்டது, அதிகமாப் பேச வேண்டிய ஏற்பாடு, கொஞ்சமும் பேச முடியாத காலத்துல.

ஒண்ணரை வருஷம் கழிச்சு 2-2-5-5க்கு மாறினோம். பேரைப் பாத்து பயப்படாதீங்க. திங்கள் செவ்வாய் எப்பவுமே ஒருத்தர், புதன் வியாழன் எப்பவுமே இன்னொருத்தர், வெள்ளி சனி ஞாயிறு மட்டும் மாத்தி மாத்தி. அப்படி வரும்போது ஒரு தடவை ரெண்டு நாள், ஒரு தடவை அஞ்சு நாள் சேர்ந்து வரும், அதான் பேரு. இதுலயும் ஏழு ஏழுதான், ஆனா கை மாறுறது பதினாலு நாள்ல நாலா குறையுது, வருஷத்துக்கு 104. இடைவெளி அதிகபட்சம் அஞ்சு நாள். இதோட உண்மையான லாபம் கிழமை நிலையா இருக்கிறதுதான். திங்கள்னா அப்பா, புதன்னா அம்மா, அஞ்சரை வயசுப் புள்ள விரல் விட்டு சொல்லிடும். டான்ஸ் கிளாஸ் என் தலையில, நீச்சல் அவ அம்மா தலையில, சலங்கை என் வீட்டை விட்டு நகராது. டீச்சருக்குக்கூட தெரியும் புதன்கிழமை நோட்டுல கையெழுத்து இல்லன்னா யாருக்கு போன் பண்ணணும்னு.

இன்னொரு சௌகரியம், கை மாறுற நாள் எல்லாம் திங்கள், புதன், வெள்ளியில விழுது. ஒருத்தர் காலைல ஸ்கூல்ல விடுறோம், இன்னொருத்தர் சாயங்காலம் கூட்டிக்கிறோம், அவ்வளவுதான், ரெண்டு பேரும் வாசல்ல நேருக்கு நேர் நிக்க வேண்டாம். வாசல்ல நின்னு "ஹோம்வொர்க் முடிக்கலையா"ன்னு ஒருத்தர் ஆரம்பிச்சு, நடுவுல புள்ள செருப்பு மாட்டிட்டு ரெண்டு மூஞ்சியையும் மாத்தி மாத்தி பாக்குற காட்சி இருக்கே, அதைத் தவிர்க்கிறதுக்கு நீங்க என்ன விலை குடுத்தாலும் தகும். லீவு நாள்ல மட்டும் இது கவுந்துடும், அதுக்குத் தனியா ஒரு இடம் பேசி வச்சுக்கணும்.

ஸ்கூல் போற ஆறுல இருந்து பத்து பதினொண்ணு வயசு வரைக்கும் என்னைக் கேட்டா 2-2-5-5தான், ரெண்டு வீடும் ஸ்கூலுக்குப் பக்கத்துல இருக்கிற பட்சத்துல. ஒரு வீட்டுல இருந்து காலைல ஒண்ணேகால் மணி நேரம் பஸ்ல போகணும்னா எந்த நம்பரும் உதவாது, அந்த வீட்டுக்கு வீக்கெண்டும் லீவும் குடுத்துடுறதுதான் நியாயம், அதை அப்பாவோ அம்மாவோ தோல்வியா எடுத்துக்கக் கூடாது. சொல்றது சுலபம், தெரியும்.

வாரம் விட்டு வாரம், அதாவது 7-7, கணக்குல ரொம்ப எளிமை. கை மாறுறது பதினாலு நாள்ல ரெண்டே தடவை, வருஷத்துக்கு 52. பேச வேண்டியது ரொம்பக் கம்மி. ஆனா ஏழு நாள் முழுசா ஒருத்தரைப் பாக்காம இருக்கணும், சின்னதுங்களுக்கு அது நீளம். பத்து வயசுக்கு மேல போனா அதுங்களே இதைத்தான் கேக்கும், ஏன்னா அந்த வயசுல புள்ளைக்கு வெறுப்பு வர்றது அம்மாவைப் பிரியிறதுலயோ அப்பாவைப் பிரியிறதுலயோ இல்ல, பையைக் கட்டுறதுல. நாங்க இப்ப இதுலதான் இருக்கோம், ஒரு வருஷமா. மாறுற நாளை மட்டும் யோசிச்சு வைங்க. முதல்ல ஞாயிறு சாயங்காலம்னு வச்சோம், ஞாயிறு மத்தியானத்துல இருந்தே வீட்டுல எழவு விழுந்த மாதிரி இருக்கும், அவளும் பேச மாட்டா நானும் பேச மாட்டேன். வெள்ளிக்கிழமைக்கு மாத்தினோம். ஸ்கூல் முடிஞ்ச சந்தோஷத்துலயே அந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சிடுறா, அப்புறம் ரெண்டு நாள் லீவுல ஆற அமர செட்டில் ஆகிடுறா. ஒரு கிழமை மாத்தினதுல இவ்வளவு வித்தியாசம்.

பழைய மாடல், ஒருத்தர்கிட்ட வீடு, இன்னொருத்தர்கிட்ட ஒண்ணு விட்டு ஒரு வீக்கெண்ட். வெள்ளி சாயங்காலம் போய் ஞாயிறு சாயங்காலம் வந்தா பதினாலு நாள்ல ரெண்டு ராத்திரி, லீவு சேர்க்காம வருஷத்துக்கு 52. நடுவுல பன்னண்டு நாள் பாக்கவே முடியாது. அந்த ரெண்டு நாள்ல ஹோம்வொர்க் இல்ல, காய்ச்சல் இல்ல, திட்டு இல்ல, வெறும் ஊர் சுத்தல்தான், அதனால அந்த ஆள் அப்பாவா இல்லாம விருந்தாளி ஆயிடுவார், திட்டுறதெல்லாம் இன்னொருத்தர் தலையில. இதைச் சரி பண்றேன்னு வாரத்துல ஒரு புதன் ராத்திரி சேர்ப்பாங்க, 104 ராத்திரி ஆகும், இடைவெளி ஆறு நாளா குறையும். நல்லதுதான். ஆனா போய் வர்றதை எண்ணிப் பாருங்க, பதினாலு நாள்ல ஆறு தடவை வரும், அதாவது 2-2-3க்கு எவ்வளவோ அவ்வளவு. "புள்ளையை அலைய விடக் கூடாது, அதான் பாதி நாள் குடுக்கல"ன்னு சொல்றவங்க இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாக்கணும்.

மூணு வயசுக்குக் கீழன்னா ராத்திரி தங்க வைக்கலாமா கூடாதாங்கிறதுல படிச்சவங்களே ரெண்டு கட்சியா அடிச்சுக்கிட்டாங்க. ஒரே இடம், ஒரே ஆள்னு ஒரு கட்சி. இல்ல, குழந்தை ஒரே நேரத்துல ரெண்டு பேர்கிட்டயும் ஒட்டிக்கும், அப்பா வீட்டுல ராத்திரி தங்குறதைத் தள்ளிப் போட ஆதாரம் இல்லன்னு இன்னொரு கட்சி, 2014ல ரிச்சர்ட் வார்ஷக்ங்கிற சைக்காலஜிஸ்ட் எழுதின அறிக்கைக்கு ஆராய்ச்சியாளர்களும் இந்தத் துறைல வேலை செய்யிறவங்களுமா 110 பேர் ஆதரவு குடுத்தாங்க. என் அபிப்பிராயம், பால் குடிக்கிற புள்ளைக்கு அடிக்கடி, கொஞ்ச நேரம், குளிப்பாட்டுற நேரம் தூங்க வைக்கிற நேரம் மாதிரி வேலை இருக்கிற நேரமா பாத்துப் போறது நல்லது. சும்மா மடியில வச்சுக்க மட்டும் வர்ற ஆளை அதுக்கு அடையாளம் தெரியாது.

நெஸ்டிங்னு ஒண்ணு இப்ப ஃபேஷன். புள்ள வீட்டை விட்டு நகராது, பெத்தவங்கதான் மாத்தி மாத்தி வந்து தங்கிட்டுப் போறது, பறவைக்கூடு மாதிரி. கேக்குறதுக்கு இதைவிட உத்தமமான ஏற்பாடு கிடையாது, கை மாறுறது சைபர், முயல் பத்திரமா இருக்கும். தெரிஞ்ச தம்பதி ஒண்ணு செஞ்சாங்க, எட்டு மாசம். உடைச்சது எது தெரியுமா, வாஷிங் மெஷின். போறவர் ஈரத் துணியை உள்ளயே விட்டுட்டுப் போயிட்டார், ரெண்டு நாள் கழிச்சு வந்தவங்க நாத்தத்தைப் புடிச்சுக்கிட்டு பத்து வருஷக் கதையையும் எடுத்துட்டாங்க. எதுக்காகப் பிரிஞ்சாங்களோ அதே சிங்க், அதே குப்பைக் கூடை, அதே பெட்ரூம். செலவும் யோசிங்க, கூடு ஒண்ணு, வெளிய இருக்கும்போது தங்க ஆளுக்கு ஒண்ணுன்னு ரெண்டு இடம், மொத்தம் மூணு. பரீட்சை வருஷம் முடியிற வரைக்கும், வீடு விக்கிற வரைக்கும்னு முடிவு தேதி போட்டுக்கிட்டு செய்யலாம். தேதி இல்லாம செஞ்சா, புதுசா யாராவது ஒருத்தர் வாழ்க்கைக்குள்ள வர்ற அன்னிக்கு தானா முடியும், அசிங்கமா முடியும்.

அண்ணன் இங்க தங்கச்சி அங்கன்னு புள்ளைங்களையே பங்கு போடுறதை நான் ஒரு ஆப்ஷனாவே எழுதல.

இனி அந்த மூணாவது எண்ணுக்கு வர்றேன், பேச்சு. கோ-பேரண்டிங்னா ரெண்டு பேரும் சேர்ந்து பேசி, ஒரே தூங்குற நேரம், ஒரே மொபைல் ரூல், பிறந்தநாளுக்கு ஒண்ணா நிக்கிறது வரைக்கும். எல்லாரும் அதைத்தான் செய்யணும்னு ஒரு அழுத்தம் இருக்கு. அதுக்குத் தெம்பு இல்லாதவங்களுக்கு பேரலல் பேரண்டிங்னு ஒண்ணு இருக்கு, அதை யாரும் மரியாதையா சொல்றதே இல்ல. அவங்கவங்க வீட்டுக்கு அவங்கவங்க ரூல், போன் கிடையாது, எழுத்துலதான் பேச்சு, அதுவும் புள்ளையோட உடம்பு, ஸ்கூல், நேரம் இதை விட்டு வெளிய போகக் கூடாது. அங்க ஒன்பதுக்குத் தூங்கும், இங்க பத்துக்குத் தூங்கும், தூங்கட்டும். எந்த வீட்டுல எந்த ரூல்னு புள்ளைங்க ரொம்ப சீக்கிரம் புரிஞ்சுக்கும், தாத்தா வீட்டுல ஒரு சட்டம் நம்ம வீட்டுல ஒரு சட்டம்னு புரிஞ்சுக்கலையா? பெத்தவங்க ஓயாம சண்டை போடுறதுதான் புள்ளைங்களை டைவர்ஸை விட அதிகமா பாதிக்குதுன்னு ஆராய்ச்சிங்க திரும்பத் திரும்ப சொல்லுது. அப்படின்னா சண்டை வராத அளவுக்கு பேச்சைக் குறைக்கிறதும் பெத்தவங்க வேலைதானே.

நாங்க முதல் மூணு வருஷம் அப்படித்தான் இருந்தோம். என் பழைய மெசேஜ் ஒண்ணு: "இப்பவும் லேட், உனக்கு மத்தவங்க நேரத்துக்கு எப்பதான் மதிப்பு இருந்திருக்கு, பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டையாவது ஞாபகம் வச்சுக்கோ." பின்னாடி எழுதப் பழகினது: "புதன் 4.30க்கு பல் டாக்டர். நான் ஸ்கூல்ல இருந்து நேரா கூட்டிட்டுப் போறேன். என்ன சொன்னாங்கன்னு ராத்திரி எழுதுறேன். நன்றி." சுருக்கம், தகவல், கொஞ்சம் மரியாதை, அதோட ஃபுல் ஸ்டாப். அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை இதை என் பொண்ணு பெரியவளாகிப் படிச்சா எப்படி இருக்கும்னு யோசிச்சுட்டு அனுப்புவேன், பாதி மெசேஜ் டிராஃப்ட்லயே செத்துடும். இதுக்குன்னே மொபைல் ஆப் எல்லாம் இருக்கு, அவர்ஃபேமிலிவிசார்டுங்கிறது அமெரிக்காவுல 2001லயே வந்தது, எழுதினதை அழிக்க முடியாது, எப்ப படிச்சாங்கன்னு நேரத்தோட பதிவாகும். எங்களுக்கு அந்த அளவு தேவைப்படல, ஷேர் பண்ண கேலண்டரும் மெயிலும் போதுமா இருந்துச்சு. கோர்ட்ல நின்னுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு அது உபயோகப்படும்.

வெளிநாட்டுக்கு மாறுற எண்ணம் ஒருத்தருக்கு இருந்தா அதை ஷெட்யூல் பேசும்போதே மேசைல வைங்க. 1980ல வந்த ஹேக் ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு, அதுல சேர்ந்த நாடுகளுக்கு நடுவுல 16 வயசுக்குள்ள இருக்கிற புள்ளையை இன்னொருத்தர் உரிமையை மீறித் தூக்கிட்டுப் போனா, வழக்கமா இருந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பணும். யார்கிட்ட வளரணும்னு அது சொல்லாது, எந்த நாட்டுக் கோர்ட் அதை முடிவு பண்ணணும்னுதான் சொல்லும். எல்லா நாடும் அதுல இல்ல, அதனால டிக்கெட் போட்டதுக்கு அப்புறம் பேசிக்கலாம்னு நெனைக்காதீங்க.

பிள்ளைகிட்ட கேக்கலாமா? கேக்கணும். 1989 ஐ.நா. குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்துல 12ஆவது பிரிவே அதுக்குத்தான், வயசுக்கும் முதிர்ச்சிக்கும் தகுந்த மாதிரி அது சொல்றதுக்கு மதிப்பு குடுக்கணும்னு. அதுக்காக "உனக்கு யாரு வேணும்"னு கேட்டுடாதீங்க, அது புள்ளையோட கழுத்துல கல்லைக் கட்டுறது. நான் கேக்குறது சின்னக் கேள்விங்க. பை கட்டுறது எந்த நாள்ல கஷ்டமா இருக்கு? அங்க போன முதல் ராத்திரி தூக்கம் வருதா? ஞாயிறு வேண்டாம் வெள்ளின்னு மாத்தினது அப்படி ஒரு கேள்விக்கு வந்த பதில்லதான்.

கடைசியா, எந்த நம்பரை எடுத்தாலும் எழுதிக்க வேண்டியது சிலது. லீவை எப்படிப் பிரிக்கிறது, எந்த மணியில ஆரம்பிச்சு எந்த மணியில முடியுது. காய்ச்சல் வந்தா புள்ள நகரணுமா, இருக்கிற இடத்துலயே இருக்கணுமா (எங்களுக்கு 101க்கு மேலன்னா நகராது). உங்க நாள்ல உங்களால ராத்திரி இருக்க முடியலன்னா, வேற ஆள் தேடுறதுக்கு முன்னாடி இன்னொரு பெத்தவரைக் கேக்கணுமா. அந்த வீட்டுல இருக்கும்போது இந்த வீட்டுக்கு போன் எப்ப. அப்புறம் ஒரு வரி, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா உக்காந்து ஏற்பாட்டைத் திரும்பப் பாக்கணும்னு. நாலு வயசுக்குப் போட்டது ஏழு வயசுக்குச் சேராது, சட்டையை மாத்துற மாதிரி இதையும் மாத்தணும், அந்த வரி இல்லன்னா மாத்தலாம்னு பேச்சை எடுக்கிறவர் சண்டைக்கு வர்ற மாதிரி ஆயிடும்.

எங்களோட அடுத்த உக்காரல் அடுத்த மாசம். அவளுக்குப் பதினொண்ணு, இந்தத் தடவை அவளும் வர்றேன்னு சொல்லியிருக்கா, ஏதோ லிஸ்ட் வச்சிருக்காளாம். முதல் பாயிண்ட் மட்டும் லீக் ஆகியிருக்கு: ஜிப் போட்டோவை நிறுத்தணுமாம்.